கொம்பனின் தோள்

அண்ணன் மைதானத்துக்குள் வரும்போது முதலில் தெரிவது அவருடைய வயிறுதான். பழைய கூடாரத் துணியில் தைத்த திரையை யாராவது ஓர் ஆள் விலக்கிப் பிடிப்பார். அந்த இடைவெளியில் வயிறு மட்டும் வெளியே வந்து நிற்கும், ஆள் வரமாட்டார். பிள்ளைகள் சிரிக்கத் தொடங்குவார்கள். வயிறு மேலும் கீழும் குலுங்கிவிட்டு, வெட்கப்பட்டதுபோல் உள்ளே போய்விடும். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து மறுபடி எட்டிப் பார்க்கும். கூட்டம் பொறுமையிழந்து கத்தத் தொடங்கியதும் அண்ணன் முழுதாக வெளியே வருவார். வெறுங்கால், இடுப்பில் ஒரு கறுப்புக் களிசான், தன் வீட்டுக்கு விருந்து வந்தவர்களை வரவேற்கிறவர்போல விரித்த இரண்டு கைகள். நடுவர் சிரிக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. நான் ஒவ்வொரு தடவையும் சிரித்திருக்கிறேன்.

நான் மல்யுத்த நடுவராக இருந்தவன். இதைச் சொன்னால் ஆட்கள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காற்றடித்தால் விழுகிற உடம்பு எனக்கு. கிழமை நாட்களில் கெலிஓயாவில் ஒரு புடவைக் கடையில் சாரி விரித்துக் காட்டுவேன். சனி, ஞாயிறுகளில் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, என்னைப்போல் மூன்று மடங்கு எடையுள்ள இரண்டு பேருக்கு நடுவே நிற்பேன். எங்களுடையது பதக்கத்துக்காகப் போடும் மல்யுத்தம் இல்லை. கார்னிவலிலும் புத்தாண்டு விளையாட்டு விழாக்களிலும் பலகை மேடை கட்டி ஆடும் காட்சி மல்யுத்தம். யார் ஜெயிப்பது, யார் எப்போது விழுவது என்பதெல்லாம் மேடைக்குப் பின்னால் பிளேன்டீ குடித்துக்கொண்டே பேசி முடித்திருப்போம். பார்க்க வருகிற பெரியவர்களுக்கும் அது தெரியும். ஆனால் விழுகிறபோது பலகையில் மோதுவது உண்மையான முதுகுதான். அதை யாரும் பேசி வைக்க முடியாது.

நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிட்ட அவர் கண்டியில் மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவர். கண்டி மார்க்கெட்டில் நாட்டாமியாக மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். இரண்டு தோளிலும் இரண்டு அரிசி மூட்டையோடு, வாயில் ஒரு பாட்டோடு படியேறிக்கொண்டிருந்த அவரை எங்கள் குழுவை நடத்துகிற முதலாளி ஒரு நாள் கண்டார். அந்த உடம்பைப் பார்த்தவுடன் முதலாளிக்குத் தோன்றியது வில்லன் வேஷம். கொம்பன் என்று பெயர் வைத்து, முகத்தில் கரி பூசி, பிள்ளைகளைப் பயமுறுத்தச் சொல்லி மேடையேற்றினார். முதல் ஆட்டத்திலேயே அண்ணன் விழுந்த வேகத்தில் மேடைப் பலகை முறிந்து, அவர் இடுப்பு வரை பள்ளத்துக்குள் போய்விட்டார். கூட்டம் வாயடைத்து நின்றது. பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு குரல் மிகவும் சாவகாசமாகக் கேட்டது. "யாராச்சும் ஒரு டீ கொண்டாங்க. நான் வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும்." பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னார். அன்றோடு வில்லன் வேஷம் போய்விட்டது. கூட்டம் அவரை எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும்.

பிறகு பல வருஷம் கண்டிச் சுற்றுவட்டாரத்தில் கொம்பன் தோற்றதே இல்லை. தோற்கடிக்க முதலாளிக்குத் துணிவில்லை. எதிராளி ஓடி வந்து அண்ணனின் வயிற்றில் மோதித் திரும்பிப் போய் விழுவதைப் பார்க்கத்தான் சனம் வந்தது. நடுவில் அண்ணன் ஒரு தடவை விழுந்து செத்தவர்போல் கிடப்பார். எதிராளி அவர்மேல் படுத்து அமுக்குவான். நான் குனிந்து பலகையில் அறைந்து எண்ணுவேன். இரண்டு தோளும் பலகையில் பட்டபடி மூன்று எண்ணி முடிந்தால் தோல்வி. அதற்குள் ஒரு தோளைத் தூக்கிவிட்டால் ஆட்டம் தொடரும். நான் இரண்டு சொல்லும்போது சிங்களப் பிள்ளைகள் "நெகிட்டின்ன" என்றும் எங்கள் பிள்ளைகள் "எழும்புங்க" என்றும் தொண்டை கிழியக் கத்துவார்கள். அண்ணனின் தோள் மெதுவாக உயரும். அந்த நேரத்தில் மைதானத்தில் எழும் சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அவர் அந்தச் சத்தத்தைச் சாப்பிட்டு வாழ்ந்தார். மார்க்கெட்டுக்குப் போனால் முட்டைக்கோஸ் விற்கிற அம்மாக்கள்கூட வயிற்றில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் விடுவார்கள். அவருக்கும் அது பிடிக்கும். தட்டாமல் போனவர்களைக் கூப்பிட்டு, என்ன கோபமா என்று கேட்பார்.

எங்கள் ஆட்டத்தில் எல்லாமே முன்பே பேசிய பொய் என்றாலும் ஒரு விஷயத்தில் மட்டும் பொய் கிடையாது. எண்ணிக்கை. தோள் உயர்ந்தால் நடுவரின் கை நிற்கவேண்டும். பேசி வைத்ததை யாராவது மறந்து தோளைத் தூக்கிவிட்டாலும் சரி, வேண்டுமென்றே தூக்கினாலும் சரி, கண்ணால் கண்டதைத்தான் எண்ணவேண்டும். அதை மீறிய நடுவரை அடுத்த மேடையில் யாரும் சேர்க்கமாட்டார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. குழுவை விட்டுப் போகிறவர் தன் கடைசி ஆட்டத்தில் தோற்றுவிட்டுத்தான் போகவேண்டும். இருக்கப்போகிற ஒருவனுக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டுப் போவது அது. தோற்றவர் மறுபடி மேடை ஏறமாட்டார்.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, அவருக்கு எப்போது வந்தது என்று தெரியாது. கண்டுபிடித்தபோது வெகுதூரம் போயிருந்தது. உடம்பைக் குறைக்காவிட்டால் கண்ணும் காலும் போகும் என்று கிளினிக்கில் டாக்டர் சொன்னார். அண்ணி அதைப் பிடித்துக்கொண்டார். அவர் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை செய்கிறவர். வேலைக்குப் போகுமுன் குரக்கன் ரொட்டியும் கீரையும் செய்து மூடி வைத்துவிட்டுப் போவார். அண்ணனும் ஒழுங்காகச் சாப்பிட்டார். வயிறு இறங்கியது, முகம் சிறுத்தது, நடை லேசானது. அந்தக் கோலத்திலும் சில ஆட்டங்கள் ஆடினார். திரை விலகியதும் வெளியே வந்த வயிற்றைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஓடி வந்து மோதியவன் திரும்பிப் போய் விழுந்தபோது பொய் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆட்டம் முடிந்ததும் முதலாளி அவரைத் திட்டவில்லை. ஒரு பெரிய பார்சல் கொத்துரொட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, மெலிஞ்சா நான் யாரு?" என்று என்னிடம் கேட்டார். அவர் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் நடந்த ஆட்டத்தில்தான் ஆணி ஏறியது. வில்லனாக ஆடுகிறவனின் நெற்றியில் இரத்தம் வழியவேண்டும் என்பதற்காகச் சீனிப்பாணியில் சிவப்புச் சாயம் கலந்து சின்னப் பையில் வைத்திருப்போம். அன்றைக்கு அந்தப் பை உடைந்த பிறகு மேடை முழுக்கச் சிவப்பாகத்தான் இருந்தது. அண்ணன் நடந்த இடமெல்லாம் சிவப்புப் பாதச் சுவடு விழுந்தது. கூட்டம் அதற்கும் கைதட்டியது. வில்லன் இன்றைக்குச் சாயத்தைக் கூடக் கலந்துவிட்டான் என்று நான் நினைத்தேன். அண்ணன் வேண்டுமென்றே சாயத்தில் மிதித்து வேடிக்கை காட்டுகிறார் என்று வில்லன் நினைத்தான். அண்ணனே குனிந்து பார்த்து, வில்லனிடம் வாயசைக்காமல், "பாணிய ரொம்ப ஊத்திட்டடா" என்றார். சாயத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு உண்மை இரத்தம் தெரியவில்லை.

உடுப்பு மாற்றுவதற்கு எங்களுக்குக் கொடுத்திருந்த பள்ளிக்கூட அறை சிமெந்துத் தரை. அண்ணன் நடக்கும்போது டக், டக் என்று ஒரு சத்தம். அவர் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். "யாருடா லேடீஸ் சப்பாத்துப் போட்டுக்கிட்டு நடக்கிறது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் நடந்தார், மறுபடி சத்தம் வந்தது. அவர் நின்றதும் சத்தமும் நின்றது. வில்லனாக ஆடியவன்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினான். அண்ணனைக் கதிரையில் உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தோம். மேடைப் பலகையில் அடிக்கிற ஆணி ஒன்று முன்பாதத்தில், விரல்களுக்கு அடியில் முழுதாக இறங்கி, தலை மட்டும் வெளியே தெரிந்தது. ஆட்டம் முழுக்க அதன்மேல் நின்று துள்ளியிருக்கிறார். சீனியில் கால் மரத்துப்போயிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிடுங்கும்போதும் தெரியவில்லை. எங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்த பிறகுதான் பயந்தார்.

அந்தப் புண் ஆறவே இல்லை. முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு கறுப்பு மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் ஆள் மிஞ்சுவார், தாமதித்தால் ஆளே மிஞ்சமாட்டார் என்று டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். அண்ணன் புத்தாண்டு சீசன் முடியட்டும் என்றார். சீசன் தொடங்கவே நாள் கிடந்தது. அண்ணி அழுதார், சாப்பிடாமல் கிடந்தார், கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் நேர்ந்தார். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் எங்கள் தொழிலின் வழக்கத்தையே கையில் எடுத்தார். முதலாளியிடம் போய், இவர் ஓர் ஆட்டம் ஆடித் தோற்கட்டும், தோற்றால் வழக்கப்படி போகத்தானே வேண்டும் என்று கேட்டார். முதலாளிக்கும் அப்போது பயம் வந்திருந்தது. மேடையில் ஒரு சாவு விழுந்தால் அவருடைய தொழில் படுத்துவிடும். அண்ணன் மறுநாள் சம்மதித்தார். அலவத்துகொடையிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்திருந்த ஒரு இளைஞனிடம் தோற்பதென்று முடிவாயிற்று. அவன் முஸ்லிம் பையன், அண்ணனைத் தங்கள் வழக்கப்படி நானா என்றுதான் கூப்பிடுவான். இந்தச் செய்தியைக் கேட்டதும் தனக்கு வேண்டாம் என்று அழுதவன் அவன்.

ஆட்டம் கெலிஓயாவில். முந்திய நாள் அண்ணி கடைக்கு வந்து, சாரி பார்க்கிறவர்போல் என் முன்னால் உட்கார்ந்தார். "தம்பி, நாளைக்கு அவரு தோத்துட்டா திங்கக்கெழமை ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போயிருவாரு. சொன்ன சொல்ல மாத்துற ஆளில்ல. நீங்க பாத்துக்குங்க" என்றார். எல்லாம் பேசியாகிவிட்டது, பயப்படாதீங்க என்று சொல்லி அனுப்பினேன்.

திரை விலகியது. வயிறு வந்தது, குலுங்கியது, போனது. அண்ணன் வந்தார், கட்டுப் போட்ட காலைக் கறுப்புத் துணியால் சுற்றிக்கொண்டு. அலவத்துகொடைத் தம்பி அந்தக் காலைத் தொடாமல் ஆட மிகவும் பாடுபட்டான். பேசியபடியே அவன் ஓடி வந்து வயிற்றில் மோத, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வயிற்று மோதலுக்கே அண்ணன் சாய்ந்து விழுந்தார். அவன் மேலே படுத்து அமுக்கினான். நான் குனிந்து பலகையில் அறைந்து ஒன்று என்றேன். மைதானம் எழுந்து நின்றது. எழும்புங்க, எழும்புங்க என்று அப்படியொரு கூச்சல். இரண்டு என்றேன். அண்ணனின் கண் என்னைப் பார்க்கவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையை ஓங்கினேன். அப்போது அவருடைய வலது தோள் உயர்ந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. ஒரு பாயைச் சுருட்டி உள்ளே தள்ளலாம், அவ்வளவு உயர்ந்திருந்தது.

என் கை மேலேயே நின்றது. நிறுத்தினால் அவர் எழுவார். எழுந்தால் ஜெயிப்பார். ஜெயித்தவர் போகமாட்டார், அடுத்த கிழமை இன்னொரு மைதானம், அதற்கடுத்த கிழமை இன்னொன்று, அதற்குள் கறுப்பு இடுப்புக்கு வந்துவிடும். கயிற்றருகே அண்ணி நின்றார். அவ்வளவு சனத்தில் அவர் ஒருவர்தான் கத்தாமல் நின்றவர். உதடு மட்டும் அசைந்தது. எண்ணுங்க தம்பி என்றுதான் சொல்லியிருப்பார். நான் கையை இறக்கினேன். மூன்று.

கூச்சல் சட்டென்று அறுந்தது. பிறகு ஒரு தண்ணீர்ப் போத்தல் என் முதுகில் வந்து விழுந்தது, அதன் பின்னால் இன்னும் பல. பிள்ளைகள் அழுதார்கள். அலவத்துகொடைத் தம்பி எழும்பும்போது என் காதருகே, "நானா தோளத் தூக்கின தானே, நீங்க காணல்லையா?" என்றான். அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். எண்ணி முடிந்தால் முடிந்ததுதான் என்பதை அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கயிற்றைப் பிடித்து எழுந்து, வழக்கப்படி தம்பியின் கையைத் தூக்கிப் பிடித்துவிட்டு இறங்கிப் போனார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கும் போனார். காலை எடுத்தார்கள். என்னை அதன்பிறகு எந்த மேடையிலும் சேர்க்கவில்லை. அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. இன்றைக்கு அந்த மேடையில் நிறுத்தினாலும் அதையேதான் எண்ணுவேன்.

அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். மஹய்யாவையில் அவருடைய வீட்டுக்குப் போனால் வீல்செயாரைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அண்ணி கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவேன். முதுகு ஒவ்வொரு தடவையும் சிறுத்திருந்தது. வயிறு இருந்த இடத்தில் தோல் மடிந்து கிடந்தது. முதலில் பார்க்க வந்தவர்கள் பிறகு வரவில்லை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அவர் யாரென்றே தெரியாது. "சோறு வேணாங்கிறாரு, டீவி வேணாங்கிறாரு. சும்மா ஒக்காந்து எதையோ கேட்டுக்கிட்டு இருக்க மாதிரி இருக்காரு தம்பி" என்று ஒரு நாள் அண்ணி வாசலில் வைத்துச் சொன்னார்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. போன மாதம் அண்ணி எனக்கு ஃபோன் எடுத்தார். மற்றக் காலிலும் புண், கறுப்பு ஏறுகிறது, ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார், இந்தத் தடவை தன் பேச்சு எடுபடாது என்றார். நான் கடையை விட்டு அப்படியே போனேன். அறை முழுக்கப் புண்ணின் வாடை. அண்ணன் கட்டிலில் கிடந்தார். இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்ணே" என்றேன்.

"போறேன். நீ மொதல்ல வெளிய போயி சொல்லு."

"என்னா சொல்லணும்?"

"அன்னைக்கு என் தோள் மேல இருந்துச்சா இல்லயா. அத சொல்லு. எங்கிட்ட சொல்லாத, எனக்குத்தான் தெரியுமே. ஊருக்குச் சொல்லு."

நான் வாசலுக்குப் போனேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டிய ஒழுங்கை அது. பைப்படியில் பெண்கள் வாளியோடு நின்றார்கள். யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருஷமாக எடுக்காத மேடைக் குரலை எடுத்துக் கத்தினேன். கெலிஓயா மைதானத்தில் நடந்த கடைசி ஆட்டத்தில் கொம்பன் தோற்கவில்லை, அவருடைய தோள் மேலே இருந்தது, நடுவர் நான்தான், நான் கண்டும் எண்ணினேன், அன்றைக்கு ஜெயித்தவர் இந்த வீட்டில் இருக்கிற கொம்பன்தான் என்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னேன். பைப்படியில் வரிசைக்கு நின்ற வயதான ஒருவர் மட்டும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். மற்றவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். உள்ளே வந்தபோது அண்ணன் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அலுமாரியில் சாய்ந்து நின்றார்.

அண்ணன் அந்த ஆபரேஷனில் பிழைக்கவில்லை. இருதயம் தாங்கவில்லை என்று சொன்னார்கள். செத்த வீட்டில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எண்ணினதால எனக்கு ரெண்டு வருஷம் கெடச்சிச்சு தம்பி" என்றார். அந்த இரண்டு வருஷத்தில் அண்ணனுக்கு என்ன கிடைத்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றைக்கு ஆபரேஷனுக்கு முன், தியேட்டர் கதவுக்கு வெளியே அவரைத் தள்ளுகட்டிலில் கிடத்திக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள். நான் தலைமாட்டில் நின்றேன். அவர் கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"தம்பி, எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. காலையில வெளிய போயி சொன்னியே, அது மெய்யா? இல்ல என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டியார்றதுக்கா?"

"மெய்தாண்ணே. ஒங்க தோள் மேலதான் இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

அவர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். முதல் ஆட்டம் ஆடிவிட்டு வருகிற புதுப் பையன்களைத் தட்டிக்கொடுக்கும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதே சிரிப்பு.

"நல்லா சொல்ற" என்றார். "நம்புற மாதிரியே சொல்ற."

தாதி வந்து கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.